சேப்பாக்கம்: நவாபின் தோட்டத்தில் மிஞ்சிய மைதானம்

சேப்பாக்கம் அரண்மனை 1859ஆம் ஆண்டு ஏலத்துக்கு வந்தது. அங்கே வாழ்ந்த கடைசி நவாப் குலாம் கவுஸ் கான் 1855இல் வாரிசு இல்லாமல் இறந்திருந்தார். பட்டம் அவரோடு போயிற்று. கடன் நின்றது. வடக்கே கூவம், கிழக்கே கடற்கரை, தெற்கே பைகிராப்ட்ஸ் ரோடு, மேற்கே பெல்ஸ் ரோடு என்று விரிந்து கிடந்த 117 ஏக்கர் தோட்டமும் நின்றது. அதை எடுத்துக்கொண்டது சென்னை அரசாங்கமே.

இன்று அந்த எல்லைக்குள் சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாநிலக் கல்லூரி, எழிலகம், பொதுப்பணித் துறை அலுவலகம், அரசு விருந்தினர் மாளிகை எல்லாம் இருக்கின்றன. ஒன்றரை நூற்றாண்டில் தோட்டத்தின் பெரும்பகுதி கட்டடமாகிவிட்டது. நடுவே புல் தரையாகவே நீடித்த பெரிய துண்டு ஒன்று உண்டு. அதுதான் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம். ஆவணங்களிலும் டிக்கெட்டிலும் எம்.ஏ.சிதம்பரம் ஸ்டேடியம், சென்னைவாசிகளின் பேச்சில் எப்போதும் சேப்பாக்கம்.

இந்த மைதானத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை சதங்களையும் விக்கெட்டுகளையும் பற்றியவை. அவை முக்கியமானவைதான். ஆனால் ஒரு மன்னரின் தோட்டம் அரசு நிலமாகி, அதன் ஒரு பகுதி வெள்ளையர் கிளப்பின் வேலிக்குள் போய், பிறகு ஊர் மொத்தமும் சொந்தம் கொண்டாடும் இடமாக மாறிய கதை அந்தப் பட்டியல்களில் இல்லை. இந்த நிலத்துக்குள் யார் நுழையலாம், எங்கே உட்காரலாம் என்ற கேள்வி ஒவ்வொரு தலைமுறையிலும் எழுந்திருக்கிறது. அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தால்தான் சேப்பாக்கத்தின் முழு வரலாறும் புலப்படும்.

அரண்மனையும் கடனும்

ஆற்காட்டு நவாப் முகமது அலி கான் வாலாஜா ஆங்கிலேயரின் துணையால் பதவிக்கு வந்தவர். ஆற்காட்டைவிடச் சென்னைக் கோட்டையின் பீரங்கி நிழலே பாதுகாப்பு என்று எண்ணினார். முதலில் கோட்டைக்குள்ளேயே மாளிகை கட்டிக்கொள்ள நினைத்தார், அது கைகூடவில்லை. கோட்டைக்குத் தெற்கே, கூவத்தைத் தாண்டி, கடலைப் பார்த்த சேப்பாக்கத்தில் 1768இல் அரண்மனை எழுந்தது. கலஸ் மகால், ஹுமாயூன் மகால் என இரண்டு பகுதிகள். கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக இருந்து பின்னர் வட்டித் தொழிலில் கொழித்த பால் பென்ஃபீல்டுதான் இதைக் கட்டியவர் என்பது பரவலான கருத்து.

அரண்மனையைக் கட்டியவராகச் சொல்லப்படும் அதே பென்ஃபீல்டு நவாபுக்குப் பெருங்கடன் கொடுத்தவர்களிலும் ஒருவர். போர்ச் செலவு, படைச் செலவு, ஆடம்பரம் என நவாப் வாங்கிய கடன் லண்டன் நாடாளுமன்றம் வரை சென்றது. 1785இல் எட்மண்ட் பர்க் அதைப் பற்றி அங்கே நீண்ட உரை நிகழ்த்தினார். வாலாஜா 1795இல் இறந்தார். அவர் குடும்பத்தார் கட்டிய வாலாஜா பள்ளிவாசல் திருவல்லிக்கேணியில் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. 1801இல் நவாபின் நாடான கர்நாடகத்தின் ஆட்சியைக் கம்பெனி தன் கையில் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு நவாபுகளுக்கு மிஞ்சியது பட்டமும் உதவித்தொகையும் இந்த அரண்மனையும். 1855க்குப் பிறகு அதுவும் இல்லை. அவர்களின் வழிவந்தவர்களுக்கு 1867இல் ஆற்காட்டு இளவரசர் என்ற பட்டம் கிடைத்தது. இராயப்பேட்டை அமீர் மகால் அவர்களின் இல்லமாயிற்று.

அரசின் கைக்கு வந்த தோட்டம் வேகமாக மாறியது. கலஸ் மகாலில் சிவில் பொறியியல் கல்லூரி நடந்தது. அது 1920இல் கிண்டிக்குப் போனது. ஹுமாயூன் மகாலில் வருவாய் வாரியம் அமர்ந்தது. கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் இரண்டு மகால்களுக்கும் நடுவே ஒரு கோபுரத்தை எழுப்பி இரண்டையும் இணைத்தார். மாநிலக் கல்லூரியும் 1879இல் முடிந்த செனட் மண்டபமும் அவர் கைவண்ணம். முகலாயப் பாணியையும் ஐரோப்பியப் பாணியையும் கலந்த இந்தோ சாரசெனிக் கட்டடக் கலையை வளர்த்தவர்களில் சிஷோம் முதன்மையானவர். அதற்கான தூண்டுதலை அவருக்குத் தந்தவற்றுள் கண்ணெதிரே நின்ற நவாபின் அரண்மனையும் ஒன்று. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் கடற்கரை ஓரம் நடைபாதை அமைத்து அதற்கு மெரினா என்று பெயரிட்டார். இருபது முப்பது ஆண்டுகளில் மன்னரின் தனித் தோட்டம் அரசின் காட்சி முகப்பாக மாறிவிட்டது.

வேலிக்குள் ஒரு கிளப்

மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846இல் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் அலெக்சாண்டர் ஆர்புத்நாட். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்த அதிகாரி அவர். கிளப் தொடக்கத்தில் தீவுத்திடலில் ஆடியது. ஆனால் அது ராணுவத்தின் பயன்பாட்டில் இருந்த திறந்தவெளி. சொந்தமாக ஒரு திடலை வளைத்துக்கொள்ள வேண்டும் என்று கிளப் விரும்பியது. 1865இல் சேப்பாக்கம் தோட்டத்தின் ஒரு பகுதி அதற்குக் கிடைத்தது. வேலி வந்தது, அடுத்து பெவிலியன் வந்தது.

கால வரிசையைக் கவனித்தால் ஓர் உண்மை தெரியும். மைதானத்தின் கிழக்கு எல்லையாக நாம் இன்று பார்க்கும் பக்கிங்ஹாம் கால்வாய் அப்போது அங்கே இல்லை. தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877–78இல், பசியில் வாடியவர்களுக்கு வேலை கொடுக்கும் நிவாரணப் பணியாகத்தான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி தோண்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் வெள்ளை உடையில் கிரிக்கெட் நடந்தது. அந்தப் பக்கம் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் கூலிக்கு மண் வெட்டினார்கள். ஒரே நிலத்தின் இரண்டு வரலாறுகள் இங்கே அருகருகே கிடக்கின்றன. கிளப்பின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. கால்வாய் வெட்டியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

கிளப் ஐரோப்பியருக்கு மட்டுமே உரியது. இந்தியர் அதில் உறுப்பினராக முடியாது. ஆட வந்தாலும் பெவிலியனுக்குள் இடமில்லை. மதிய உணவை மரத்தடியில் உட்கார்ந்து உண்ண வேண்டியிருந்தது என்பது சென்னைக் கிரிக்கெட்டின் வாய்மொழி வரலாற்றில் உறுதியாகப் பதிந்த செய்தி. மைலாப்பூர் லஸ் ஹவுஸில் வளர்ந்த செல்வர் எம்.பூச்சி பாபு நாயுடுவை அது உறுத்தியது. 1888இல் அவர் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இந்தியருக்கென ஒரு கிளப், ஐரோப்பியருக்கு இணையான மட்டையும் பந்தும் உடையும் பயிற்சியும் என்பது அவர் நோக்கம். செலவின் பெரும்பகுதியைத் தானே ஏற்றார்.

வெள்ளையரின் கிளப்பும் இந்தியரின் கிளப்பும் எதிரெதிராக ஆடத் தொடங்கின. அதிலிருந்து பிறந்ததுதான் ஐரோப்பியர் அணிக்கும் இந்தியர் அணிக்கும் இடையிலான மெட்ராஸ் பிரசிடென்சி மேட்ச். அதற்காக உழைத்த பூச்சி பாபு 1908இல் காலமானார். 1915–16 முதல் 1951–52 வரை முதல்தரப் போட்டியாக, பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் அந்த ஆட்டம் நடந்துவந்தது. அரசியல் களத்தில் எதிர்த்துப் பேசினால் சிறை என்றிருந்த காலம் அது. அப்போது ஆளுகிறவரும் ஆளப்படுகிறவரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு மோதிய அரிய இடங்களில் ஒன்றாக இந்த மைதானம் இருந்தது. பூச்சி பாபுவின் மகன் கோட்டா ராமசாமி 1922இல் டேவிஸ் கோப்பை டென்னிஸிலும் 1936இல் டெஸ்ட் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு ஆடினார். மரத்தடியில் உட்கார வைக்கப்பட்டவர்களின் அடுத்த தலைமுறை உலக அரங்கில் நின்றது.

முதல் பந்தும் முதல் வெற்றியும்

1934 சேப்பாக்கத்துக்கு மறக்க முடியாத ஆண்டு. பிப்ரவரி 10 அன்று இங்கே முதல் டெஸ்ட் தொடங்கியது. டக்ளஸ் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்தும் சி.கே.நாயுடு தலைமையிலான இந்தியாவும் மோதின. அமர் சிங் முதல் இன்னிங்ஸில் 86 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். ஆனால் இடக்கைச் சுழலர் ஹெட்லி வெரிட்டி இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 11 விக்கெட்டுகளை அள்ளினார். இங்கிலாந்து 202 ரன்னில் வென்றது.

அதே ஆண்டு நவம்பர் 4இல் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் இதே திடலில் தொடங்கியது. சென்னையும் மைசூரும் ஆடின. திருவல்லிக்கேணிவாசிகள் நன்கு அறிந்த எம்.ஜே.கோபாலன் போட்டியின் முதல் பந்தை வீசினார். மைசூர் 48 ரன்னுக்குச் சுருண்டது, சென்னை 130, மறுபடி மைசூர் 59. ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிட்டது. ஏ.ஜி.ராம் சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுத்தார். சென்னையில் வேரூன்றிய அந்தச் சீக்கியக் குடும்பத்திலிருந்து கிருபால் சிங், மில்கா சிங் என்று இரண்டு மகன்கள் பின்னாளில் டெஸ்ட் ஆடினார்கள்.

கோபாலனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவரைக் கண்டெடுத்து வளர்த்தவர் சி.பி.ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். கிளப்பின் வேலியைத் தாண்டி ஆட்டத்தைப் பார்க்கத் தெரிந்தவர். கோபாலன் ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா என்ற நிலை வந்தது. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. இங்கிலாந்தில் கோபாலனுக்கு ஒரு டெஸ்டிலும் இடம் கிடைக்கவில்லை. 1953இல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே தொடங்கிய ஆண்டுப் போட்டிக்குக் கோபாலன் கோப்பை என்று பெயர் வைத்தார்கள். டெஸ்ட் தகுதி இல்லாத அந்தக் காலத்தில் இலங்கை வீரர்களுக்கு அது பெரிய களமாக இருந்தது. பாக் நீரிணைக்கு இருபுறமும் இருந்த கிரிக்கெட்டைச் சேர்த்துப் பிடித்த கயிறு அந்தக் கோப்பை.

பிறகு 1952. பிப்ரவரி 6 அன்று இங்கிலாந்துக்கு எதிரான ஐந்தாவது டெஸ்ட் தொடங்கியது. அன்றுதான் ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்த செய்தி வந்தது. அடுத்த நாள் ஓய்வு நாளாக மாற்றப்பட்டது. வினு மன்கட் முதல் இன்னிங்ஸில் 55 ரன் கொடுத்து 8 விக்கெட்டும் இரண்டாவதில் 53 ரன்னுக்கு 4 விக்கெட்டும் எடுத்தார். விக்கெட் கீப்பர் சென் அவர் பந்துவீச்சில் ஐந்து பேரை ஸ்டம்பிங் செய்தார். பங்கஜ் ராய் 111, பாலி உம்ரிகர் ஆட்டமிழக்காமல் 130. இன்னிங்ஸ் மற்றும் 8 ரன்னில் இந்தியா வென்றது. டெஸ்ட் ஆடத் தொடங்கி இருபது ஆண்டுகள் கழித்து, 25ஆவது ஆட்டத்தில், இந்தியாவின் முதல் வெற்றி. ஐரோப்பியர் – இந்தியர் பிரசிடென்சி மேட்ச் நின்றுபோனதும் அதே பருவத்தில்தான். இந்தியரைப் பெவிலியனுக்கு வெளியே நிறுத்திய மண்ணில் சுதந்திர இந்தியா இங்கிலாந்தை வென்ற பிறகு, நிறம் பார்த்துப் பிரித்து ஆடும் ஆட்டத்துக்கு எந்தப் பொருளும் இல்லாமல் போயிற்று.

போய்த் திரும்பிய டெஸ்ட்

அந்த வெற்றிக்குப் பின் சில ஆண்டுகளில் சேப்பாக்கம் டெஸ்டை இழந்தது. மைதானம் கிளப்பின் பொறுப்பில் இருந்தது. பெரிய ஆட்டம் வந்தால் சவுக்குக் கட்டையும் மூங்கிலும் கட்டித் தற்காலிக காலரி எழுப்ப வேண்டும். 1956 ஜனவரி முதல் டெஸ்டுகள் பெரியமேட்டில், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் இருந்த மாநகராட்சி ஸ்டேடியத்துக்குப் போய்விட்டன. மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராகத் தொடக்க விக்கெட்டுக்கு 413 ரன் குவித்தது அங்கேதான். அந்தச் சாதனை 2008 வரை நின்றது.

1960களின் நடுவில் நிலைமை மாறியது. மெட்ராஸ் கிரிக்கெட் சங்கம் சேப்பாக்கத்தை அரசிடமிருந்து குத்தகைக்குப் பெற்றது. கிளப் தன் பெவிலியனோடும் உரிமைகளோடும் உள்ளேயே தொடர்ந்தது. சங்கத்தின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர் தொழிலதிபர் எம்.ஏ.சிதம்பரம், 1960 முதல் 1963 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராகவும் இருந்தவர். அவர் காலத்தில் சிமெண்ட் காலரிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. கிளப்பின் திடல் ஊரின் ஸ்டேடியமாக உருமாறியது அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான். மைதானத்தைச் சூழ்ந்திருந்த மரங்கள் போயின. ஆனால் ஆயிரக்கணக்கானோர் உட்கார இடம் கிடைத்தது. மரங்களை நினைத்து வருந்துவதில் நியாயம் உண்டு. அந்த மரங்களின் நிழல் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கிடைத்ததில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

1967 ஜனவரி 13 அன்று டெஸ்ட் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்தை எதிர்த்து ஃபரூக் எஞ்ஜினியர் முதல் நாள் மதிய உணவுக்குள் 94 ரன் அடித்தார். அங்கிருந்து ‘பொங்கல் டெஸ்ட்’ என்ற வழக்கம் வேர்பிடித்தது. 1975, 1977, 1980, 1982, 1985, 1988 என ஜனவரி நடுவில் டெஸ்ட் வந்தது. பிரசிடென்சி மேட்ச் விட்டுச்சென்ற பண்டிகைப் பழக்கம் புதிய உருவில் தொடர்ந்தது. கரும்பும் மஞ்சள் கொத்தும் விற்கும் திருவல்லிக்கேணித் தெருக்களின் வழியே டிபன் டப்பாவோடு குடும்பங்கள் மைதானத்துக்கு நடந்தன. டிக்கெட் கிடைக்காதவர்கள் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டார்கள். அப்துல் ஜப்பார் போன்றவர்களின் தமிழ் வர்ணனை, இந்த ஆட்டத்தை ஆங்கிலம் அறியாத வீடுகளுக்கும் கொண்டுசேர்த்தது. மைதானத்தின் கதவு அகலத் திறந்ததில் காலரிகளுக்கு உள்ள பங்கு வானொலிக்கும் உண்டு.

அந்தப் பொங்கல் நாட்களில் கண்டவை பல. 1975இல் ஆண்டி ராபர்ட்ஸ் ஒருபுறம் விக்கெட்டுகளைச் சாய்க்க, ஜி.ஆர்.விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் அடித்த 97, சதத்தை எட்டாமலேயே பல சதங்களைவிட உயரத்தில் வைக்கப்படுகிறது. 1982இல் விஸ்வநாத்தும் யஷ்பால் சர்மாவும் ஒரு நாள் முழுவதும் விக்கெட் விழாமல் ஆடினார்கள். 1988இல் 19 வயது நரேந்திர ஹிர்வானி தன் முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட் எடுத்தார்.

வெயிலும் கால்வாயும்

சேப்பாக்கத்தில் ஆடுவது என்றால் வெயிலோடும் ஆடுவது. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், உயர்ந்த சிமெண்ட் காலரிகள் கடற்காற்றைத் தடுத்தன. 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டில் டீன் ஜோன்ஸ் வாந்தியும் தசைப்பிடிப்புமாக நின்று 210 ரன் அடித்தார். பிறகு மருத்துவமனையில் சேர்த்து அவருக்கு சலைன் ஏற்ற வேண்டியதாயிற்று. கடைசி நாள் இந்தியாவுக்கு 348 ரன் இலக்கு. ரன்கள் சமமாக இருக்கையில், கடைசி ஓவரின் ஐந்தாம் பந்தில், கிரெக் மாத்யூஸ் பந்தில் மனிந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆனார். டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது முறையாக ஆட்டம் ‘டை’ ஆனது. மறுமுனையில் ரவி சாஸ்திரி 48 ரன்னோடு நின்றார்.

அந்த ஆட்டத்தை நினைவுகூர்ந்த ஆஸ்திரேலியர்கள் வெயிலோடு கால்வாயின் நாற்றத்தையும் சேர்த்தே சொன்னார்கள். பஞ்ச காலத்தில் மக்களின் உழைப்பால் உருவாகி, ஒருகாலத்தில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் போன நீர்வழி, நூறு ஆண்டுகளில் சாக்கடையாகியிருந்தது. 1990களில் அதன் மேலேயே பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் நடப்பட்டன. 1995இல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை முதல் ரயில் ஓடியது. போக்குவரத்துக்கு அது பெரிய வசதி. மேட்ச் நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மைதானத்தின் கிழக்கு வாசலிலேயே வந்து இறங்குகிறார்கள். ஆனால் நீர்வழி என்ற நிலைக்குக் கால்வாய் திரும்பும் வாய்ப்பைத் தூண்கள் மேலும் குறுக்கிவிட்டன.

மேற்கே வேறோர் உலகம். பெல்ஸ் ரோட்டைத் தாண்டினால் திருவல்லிக்கேணியின் மேன்ஷன்கள். வேலை தேடியும் படிக்கவும் வெளியூர்களிலிருந்து வந்த இளைஞர்கள் சிறு அறைகளில் தங்கிய இடங்கள். தெற்கே விக்டோரியா மாணவர் விடுதி. வடக்கே வாலாஜா சாலையும் விருந்தினர் மாளிகையும். கோரிக்கையோடு வரும் ஊழியர் சங்கங்களும் விவசாயிகளும் மாற்றுத்திறனாளிகளும் ஆர்ப்பாட்டம் நடத்திய தெரு அது. ‘சேப்பாக்கத்தில் ஆர்ப்பாட்டம்’ என்ற செய்தியும் ‘சேப்பாக்கத்தில் மேட்ச்’ என்ற செய்தியும் ஒரே நாளிதழில் அடுத்தடுத்த பக்கங்களில் வருவது சென்னைக்குப் பழக்கமானது.

ஆகவே ஊரின் அரசியல் மைதானத்தின் சுவரோடு நின்றுவிடவில்லை. 2013இல், ஈழத் தமிழருக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கு எதிராக மாணவர்கள் கொந்தளித்தபோது, இலங்கை வீரர்கள் ஐபிஎல் ஆட்டங்களுக்காகச் சென்னைக்கு வரவில்லை. கோபாலன் கோப்பை கட்டிய பாலத்தின் மேல் போரின் நிழல் விழுந்தது. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தின் நடுவே ஒரே ஓர் ஐபிஎல் ஆட்டம் நடந்தது. மீதி ஆட்டங்கள் புனேக்குப் போயின. விளையாட்டையும் அரசியலையும் பிரித்துவைக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அரசு நிலத்தில், போராட்டத் தெருவுக்கு எதிரே நிற்கும் ஒரு மைதானத்தில் அப்படிப் பிரிப்பது நடக்காத காரியம்.

எழுந்து நின்ற கூட்டம்

சேப்பாக்கத்தின் பெருமை எது என்று கேட்டால் வீரர்கள் பலரும் ரசிகர்களையே சொல்வார்கள். 1997 மே மாதம் பாகிஸ்தானின் சயீத் அன்வர் 194 ரன் அடித்தபோது காலரிகள் எழுந்து கைதட்டின. 1999 ஜனவரி 31 இன்னும் பெரியது. முதுகுவலியோடு ஆடிய சச்சின் டெண்டுல்கர் 136இல் ஆட்டமிழந்தார். இந்தியா 12 ரன்னில் தோற்றது. பேச்சற்று இருந்த கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. நெகிழ்ந்த பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து நன்றி சொன்னார்கள். அந்தத் தொடர் நடக்கக் கூடாது என்று எதிர்த்தவர்கள் வடக்கே டெல்லி மைதானத்தின் ஆடுகளத்தையே சேதப்படுத்தியிருந்தார்கள். அந்தச் சூழலில் சென்னை காட்டிய பண்பு கிரிக்கெட்டுக்கு அப்பாலும் பொருள் கொண்டது.

இந்தப் பண்பு தானாக வந்துவிடவில்லை. பிரசிடென்சி மேட்ச் காலம் முதல் எதிரணியின் திறமையைப் பார்த்துப் பழகிய ஊர் இது. உள்ளூர் லீக் ஆட்டங்களும், பூச்சி பாபுவின் பெயரில் 1909 முதல் நடக்கும் போட்டியும், மெரினாவிலும் மாநிலக் கல்லூரித் திடலிலும் நாள்தோறும் நடக்கும் ஆட்டங்களும் வளர்த்த ரசனை அது. ஆட்டத்தைத் தாமே ஆடியவர்கள் நிறைந்த காலரி, நல்ல பந்தை அடையாளம் கண்டுகொள்ளும்.

சாதனைகளும் தொடர்ந்தன. 1983 டிசம்பரில் சுனில் கவாஸ்கர் 236 ரன் அடித்து, 30ஆவது சதத்தால் பிராட்மேனை முந்தினார். இந்தியர்கள் டெஸ்டில் அடித்த மூன்று முச்சதங்களில் இரண்டு இங்கே: 2008இல் சேவாக் 319, 2016இல் கருண் நாயர் 303. நாயர் ஆடிய டெஸ்டுக்கு நான்கு நாட்கள் முன்புதான் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டிருந்தது. ஊழியர்கள் தட்டுகளில் நெருப்புக் கங்குகளை வைத்து ஆடுகளத்தைக் காயவைத்தார்கள். 2008 டிசம்பரில் மும்பைத் தாக்குதலுக்குச் சில வாரங்களுக்குள் 387 ரன் இலக்கை இந்தியா எட்டியபோது, டெண்டுல்கரின் சதம் துக்கத்திலிருந்த நாட்டுக்கு ஆறுதலாயிற்று. 2024இல் பெண்கள் டெஸ்டில் ஷஃபாலி வர்மா 205 ரன் அடிக்க, தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இந்தியா 603 ரன் குவித்தது. யார் உள்ளே வரலாம் என்ற பழைய கேள்விக்கு அந்த ஆட்டமும் ஒரு பதில்.

பூட்டிய காலரிகள்

2011 உலகக் கோப்பைக்காக மைதானம் பெரிதாகப் புதுப்பிக்கப்பட்டது. லண்டன் ஹாப்கின்ஸ் கட்டடக்கலை நிறுவனத்தின் வடிவமைப்பில், துணிக்கூரை வேய்ந்த புதிய காலரிகள் எழுந்தன. பழைய சிமெண்ட் சுவர்கள் மறித்த கடற்காற்று உள்ளே வர இடைவெளி விடப்பட்டது. ஆனால் ஐ, ஜே, கே என்ற மூன்று காலரிகள் கட்டட விதிகள் தொடர்பான சிக்கலால் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. அவற்றைத் திறக்க அனுமதி கிடைக்காததால் 2019 ஐபிஎல் இறுதி ஆட்டம் ஹைதராபாத்துக்குப் போனது. 2023 மார்ச்சில் பழைய பெவிலியன் பக்கத்தில் கலைஞர் பெயரில் புதிய காலரி திறக்கப்பட்டது. அதே ஆண்டு உலகக் கோப்பை ஆட்டங்கள் இங்கே நடந்தன. பாகிஸ்தானை ஆப்கானிஸ்தான் வென்ற இரவில் சேப்பாக்கம் மறுபடி விருந்தினருக்காக எழுந்து நின்றது.

பொதுமக்கள் உட்காரும் இடம் ஆண்டுக்கணக்கில் பூட்டியிருந்தும், அந்த நிலம் யாருடையது, குத்தகையின் நிபந்தனைகள் என்ன என்ற கேள்விகளை நாம் பெரிதாக எழுப்பவில்லை. ஐபிஎல் வந்த பிறகு டிக்கெட் விலையும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. இரவெல்லாம் வரிசையில் நின்ற மாணவனுக்கு முன்பு ஓர் இடம் உறுதி. இப்போது இணையத்தில் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. கள்ளச் சந்தையில் பல மடங்கு விலைக்கு அதே டிக்கெட் கிடைக்கிறது. மரத்தடியில் உட்கார வைத்த காலத்தில் தடை நிறமாக இருந்தது. இன்றைய தடை பணம்.

இந்த வரலாற்றிலிருந்து மூன்று கோரிக்கைகள் எழுகின்றன. முதலாவது, இது அரசு நிலம். ஆகவே குத்தகை ஒப்பந்தமும் அதன் நிபந்தனைகளும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பெரிய ஆட்டத்திலும் ஒரு பகுதி இருக்கைகள் அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் குறைந்த விலையில் ஒதுக்கப்பட வேண்டும். ரஞ்சி ஆட்டங்களுக்கு அவர்களை அழைத்துவர வேண்டும். இரண்டாவது, வாலாஜா சாலைப் பக்கம், டிக்கெட் இல்லாமலே பார்க்கும்படி ஓர் அருங்காட்சியகம் வேண்டும். நவாபின் தோட்டம், கால்வாய் வெட்டிய பஞ்சத் தொழிலாளர், பூச்சி பாபு, கோபாலன், ராம் சிங், தமிழ் வர்ணனையாளர்கள், ஆடுகளம் காத்த ஊழியர்கள் எல்லோருக்கும் அதில் இடம் வேண்டும். மூன்றாவது, மைதானத்துக்குச் செலவிடும் அக்கறையில் சிறு பங்காவது பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போக வேண்டும். கழிவுநீர் கலப்பதை நிறுத்தாமல் சேப்பாக்கத்தை அழகுபடுத்துவது பாதி வேலைதான்.

117 ஏக்கரில் திறந்த வெளியாக மிஞ்சியது மிகக் குறைவு. அதைக் காத்துக் கொடுத்தது கிரிக்கெட் என்பதற்காக நாம் நன்றியோடு இருக்கலாம். ஆனால் அந்த நிலம் எந்தக் கிளப்புக்கும் சங்கத்துக்கும் நிறுவனத்துக்கும் சொந்தமானதில்லை. அது சென்னை மக்களின் சொத்து. அந்த உரிமையோடு அதைப் பற்றிக் கேள்வி கேட்பதும், அதன் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்வதும் நம் கடமை.